வரப்போரம் இரண்டு வரிசை

நண்டின் கால் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. முழுக் கால் இல்லை, ஓட்டிலிருந்து பிய்ந்த ஒரு சிம்புதான். சிங்காரவேலு நாக்கால் நெம்பிப் பார்த்தான், வரவில்லை. தண்ணீரை வாயில் வைத்து உருட்டிப் பார்த்தான், அதற்கும் மசியவில்லை. எழுந்து போய்க் குச்சி தேடலாமென்றால் எதிரில் வளர்மதி உட்கார்ந்திருக்கிறாள், புருஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரட்டுமென்று பார்த்துக்கொண்டு. இத்தனைக்கும் அவள் வைத்த குழம்பு இல்லை. பக்கத்து வயல் அஞ்சலையக்கா வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன குழம்பு. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கி, வயல் நண்டை ஓட்டோடு உடைத்துப் போட்டுக் கொதிக்கவிட்டிருந்தாள். "எப்படி இருக்கு?" என்றாள் வளர்மதி. "ம்" என்றான். "ம்முன்னா? நான் வச்சா ஆயிரம் நொட்டை சொல்லத் தெரியுது, அடுத்த வீட்டுக் கொழம்புக்கு ஒரு நல்ல வார்த்த வராதா?" நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். நாக்குக்கு வெட்கம் கிடையாது, அது தன் பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்தது. தொண்டைக்குத்தான் விஷயம் தெரிந்துவிட்டது போல, ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்தி விசாரித்து உள்ளே அனுப்பியது. "அக்கா என்ன சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா? வயல்ல தண்ணி நிக்காததுக்குக் காரணம் நண்டுதான்னு கண்டுபுடிச்சுச் சொன்னதே தம்பிதானாம். அதான் மொதக் கொழம்பு தம்பிக்குன்னு." கண்டுபிடித்தானாம். சிங்காரவேலு இன்னொரு நண்டை எடுத்தான், எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பாளே என்று எடுத்தான். ஓடு உடைந்து உள்ளே வெள்ளைச் சதை தெரிந்தது. ஒரு குற்றமும் செய்யாத நண்டு. சே, என்ன நினைப்பு இது, நண்டில் குற்றம் செய்த நண்டு, செய்யாத நண்டு என்று உண்டா? வரப்பைத் துளைக்கிற ஜாதிதானே, இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குத் துளைத்திருக்கும். இப்படிச் சொல்லிக்கொண்டு கடித்தான், சிம்பு இன்னும் உள்ளே இறங்கியது.

அன்றைக்கும் இதே போலப் பகல் வேளைதான். அவன் தன் வயலின் ஓரத்தில் புதிதாக வெட்டிய வடிகாலுக்குள் நின்றிருந்தான், மார்பளவு ஆழம், உள்ளே நின்றால் வெளியே தலையும் தோளும்தான் தெரியும். வரப்புக்கு அந்தப் பக்கம் அஞ்சலையக்கா வந்து நின்றாள், கையில் பிடுங்கிய கோரையோடு. "தம்பி, ஒண்ணும் புரியல. தண்ணி கட்டுன மறுநாளே மண்ணு தெரியுது. முன்னெல்லாம் அஞ்சாறு நாளு அசையாம நிக்குமே, இந்த வருசம் என்ன கேடு இது?" என்றாள். கேள்வி கேட்டவளுக்குப் பதில் தெரியாது. கேட்கப்பட்டவனுக்கோ பதில் கணுக்காலைச் சுற்றிச் சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் வயலுக்குத் தண்ணீர் விட்டுப் பத்து நாளைக்கு மேல் ஆகியிருந்தது, வானமும் பொய்த்திருந்தது, வடிகாலிலோ கண்ணாடி மாதிரித் தண்ணீர், அக்கா பக்கத்து மண் சுவரிலிருந்து கசிந்து கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான். "நண்டாத்தாங்க்கா இருக்கும். இந்த வருசம் வரப்பு பூரா சல்லடையாத் தொளச்சு வச்சிருக்குதுவொ." அவ்வளவுதான். ஒரு மூச்சில் வந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு ஆறாத சந்தேகம், அந்தச் சொல்லை அவன் தேடினானா, இல்லை அது ஏற்கெனவே நாக்கில் உட்கார்ந்திருந்ததா? தேடிச் சொல்லியிருந்தால் கெட்டிக்காரத்தனம் என்றாவது வைத்துக்கொள்ளலாம். தேடாமலே வந்ததென்றால் அவன் எப்படிப்பட்ட ஆள்? அக்கா ஒரு நிமிஷம் வரப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், முகம் தெளிந்தது. "அதானே பார்த்தேன்! எனக்குத் தோணல பாரேன், நீ படிச்ச புள்ள, டக்குன்னு சொல்லிட்ட" என்றாள். பத்தாவது படித்தவன். அதுவும் இரண்டாம் தடவையில்.

சரி, வடிகாலே வேண்டாமென்று இருந்திருக்கலாமா? அதையும் யோசித்துப் பார்க்காமல் இல்லை. அது தப்பில்லை, அதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் கட்டி நிறுத்தியே பழகிய களிமண். நெல்லைத் தவிர வேறெதையும் அந்த மண் ஏறிட்டும் பார்க்காது, வேர் அழுகிப் போகும். வேளாண்மை ஆபீசிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி ஸ்கூட்டியை மதகோரம் நிறுத்திவிட்டு வயலில் இறங்கி, ஒரு குத்து மண்ணை உருட்டிப் பார்த்துச் சொன்னாள், தண்ணீர் வடிய வழி செய்துவிட்டால் இங்கேயே மக்காச்சோளம் வரும் என்று. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, இரண்டு வடிகால் வெட்டி ஊர் வடிவாய்க்காலில் சேர்த்துவிட வேண்டும், மேட்டுப் பாத்தி போட வேண்டும், வேறொன்றும் இல்லை. ஊரில் ஒருத்தரும் துணியவில்லை, சிங்காரவேலு துணிந்தான். அதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும். சோளம் முழங்காலுக்கு வந்தபோது ஒருநாள் அவன் செருப்புக் காலோடு வயலுக்குள் நடந்து பார்த்தான். அவன் அப்பாவோ அவரைப் பெற்றவரோ அந்த மண்ணில் செருப்புப் போட்டு நின்றதில்லை, போட்டால் சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இவன் பாத்திக்குப் பாத்தி டக் டக்கென்று நடந்தான், காலில் ஒட்டாத மண்ணைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தாளே. ஓர வடிகாலைப் பக்கத்து வரப்பிலிருந்து ஆறடியாவது தள்ளி வெட்டுங்க, ஒட்டி வெட்டினா அவங்க தண்ணிய உங்க வடிகால் இழுத்துக்கும் என்று. சொன்னாள், அவனும் தலையாட்டினான், அவள் முன்னாலேயே ஆறடி அளந்து முளையடித்துக் கயிறும் கட்டினான். மறுநாள் காலையில் மண் வெட்டும் வண்டி வரவேண்டும். முதல் நாள் சாயங்காலம் தனியாகப் போய் நின்று பார்த்தான். கயிற்றுக்கும் வரப்புக்கும் நடுவில் வயலின் நீளத்துக்கும் ஒரு பட்டை மண், சும்மா கிடக்கப் போகிற மண். ஈரம் கோத்துக்கொண்டு சோளத்துக்கு ஆகாது, ஆறடி அகலத்தில் நெல்லா நடுவது? இரண்டு வரிசைச் சோளம் அல்லவா போகிறது. குனிந்து முதல் முளையைப் பிடுங்கினான். பிடுங்கும்போது திரும்பிப் பார்த்தான். தன் வயலில் தன் முளையைப் பிடுங்குகிறவன் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவன் நெஞ்சு குற்றம் செய்வதற்கு முன்பே குறுகுறுத்துவிட்டது, அவன்தான் காது கொடுக்கவில்லை. மறுநாள் வண்டிக்காரன்கூடக் கேட்டான், "என்னண்ணே, வரப்பை முட்டுற மாதிரி இருக்கு, இவ்ளோ ஓரமாவா?" "வெட்டுப்பா, எல்லாம் கேட்டுத்தான் போட்டுருக்கேன்" என்றான். காலங்காலமாக மிதிபட்டு ஓடு மாதிரி இறுகிப்போன அடிமண்ணை இரும்புக் கை உடைத்தது, அதற்குக் கீழே மணல் வந்தது. தண்ணீரைத் தாங்கி நின்றது அந்த ஓடுதான் என்பது களிமண்ணில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மணலைப் பார்த்ததும் வண்டிக்காரனுக்கு டீ வாங்கி வருகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றாள் வளர்மதி. வேண்டாமென்று இலையை மறைப்பது போலத் தட்டை மறைத்தான், அதற்குள் ஊற்றிவிட்டாள். சோற்றைப் பிசைந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும், சோற்றில் நண்டை மறைக்கிறவன் கதை அவனுக்கு மட்டும் தெரியும். இந்த மூன்று வாரமாக அக்கா பட்ட பாட்டை யார் பார்க்கவில்லை? பொழுது விடிந்தால் வரப்பில் இருந்தாள். வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டினாள், சேறு பூசினாள், பூசிய இடத்திலேயே மறுபடி பூசினாள். வேப்பம் புண்ணாக்கையும் களிமண்ணையும் பிசைந்து உருட்டி வளை வளையாக அடைத்தாள். வளைக்குள் முழங்கை வரை கையை விட்டு நண்டைப் பிடித்து இழுத்தாள், கொடுக்குப் பிடித்து விரலெல்லாம் புண், அந்தப் புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கையை விட்டாள். தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. எப்படி நிற்கும், அது வரப்பு வழியாகப் போனால்தானே? டீக்கடையில் அவளுக்கு நண்டுக்காரம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். கடைக்காரர் செல்லத்துரைதான் ஆரம்பித்தார். "அஞ்சலை வயல்ல நெல்லு வெளையுதோ இல்லியோ, நண்டு நல்லா வெளஞ்சிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சிங்காரவேலுவும் சிரித்தான். தட்டில் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான். வடிகாலை ஓரமாக வெட்டியதுகூட மண்ணாசை, மண்ணாசை யாரைத்தான் விட்டது? நண்டு என்றது பயம். இந்தச் சிரிப்பு என்ன? யாரும் அவனைச் சிரிக்கச் சொல்லவில்லையே. டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே. செல்லத்துரை விடவில்லை, "நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று வேறு போட்டார். யாரோ புதுப் பணக்காரனைப் பற்றிய பேச்சு அதற்குள் நடுவில் வந்திருந்தது, அந்தப் பணக்காரனுக்காகச் சொன்னது. சிங்காரவேலு தன்னைத்தான் சொல்கிறாரோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை. அது நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியும் அசிங்கமாக இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்துச் சிம்பைக் குத்தினான். ரத்தம் வந்தது, சிம்பு வரவில்லை. வளர்மதி கிணற்றடியில் அக்காவின் தூக்குவாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் புள்ளி புள்ளியாக அக்காவின் புருஷன் பேர் வெட்டிய பழைய வாளி. அந்த மனிதர் போய்ச் சேர்ந்து வருஷம் ஆயிற்று, மகள் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டாள், அக்கா ஒண்டியாக இரண்டு மா, முக்கால் ஏக்கர்கூடத் தேறாத நிலத்தை வைத்துக்கொண்டு அதில் வருகிற நெல்லை அவித்து, அரைத்து வருஷம் பூராவும் சாப்பிடுகிறாள். இதுவரை கடையில் அரிசி வாங்கியதில்லை என்று கோயில் வாசலில் நின்று பெருமை பேசுவாள், அவளுக்கிருந்த ஒரே பெருமை அது. பயிர் இப்போது சூல் பிடித்து நிற்கிறது. இந்தச் சமயத்தில் தண்ணீர் நிற்காவிட்டால் கதிர் வெளியே வரும், உள்ளே பால் இருக்காது, அத்தனையும் பதர்தான். முறைத் தண்ணீர் நேற்று வந்தது, இன்று சாயங்காலம் மதகை அடைத்துவிடுவார்கள், அடுத்த முறை வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். விரல் நுனியில் தெரியும். "இந்தாங்க, வயக்காட்டுக்குத்தானே போறீங்க, அப்படியே அக்காக்கிட்ட குடுத்துருங்க" என்று வளர்மதி வாளியை நீட்டினாள். கனத்தது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, குடியானவர் வீட்டில் அது வழக்கமில்லை, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். மூடியைத் திறந்தான். இளஞ்சோளக் கதிர்கள், பச்சைத் தோலோடு, பட்டு மாதிரி மயிர் தொங்க. "எங்க ஒடிச்ச?" என்றான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "எங்கயா? நம்ம வயல்லதான். காலையில புல்லறுக்கப் போனப்ப அக்கா வரப்போரம் இருக்குதுல்ல, அந்த ரெண்டு வரிசையில ஒடிச்சேன். மத்ததெல்லாம் இன்னும் பிஞ்சு. அங்கதான் நல்லா வாளிப்பா புடிச்சிருக்கு, என்னமோ தெரியல" என்றாள். என்னமோ தெரியலையாம். வேறு எதையாவது போட்டுக் கொடு என்று சொல்ல வாயெடுத்தான், ஏன் என்பாள், ஏனுக்குப் பதில் வேண்டும், பதிலென்று போனால் முளை வரைக்கும் போகவேண்டும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஆடி வெயில் சுள்ளென்று அடித்தது. வாய்க்கால் கரையில் நடக்க நடக்க வாளி தொடையில் இடித்தது. சொல்லிவிடலாம். என்ன, ஒரு பேச்சு, அவ்வளவுதானே. அக்கா, நண்டில்ல. இல்லை, இப்படி எடுத்தவுடனே சொல்லக் கூடாது. அக்கா, நான் ஒண்ணு கவனிச்சேன், எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இன்றைக்குத்தான் தெரிந்ததென்றால் பாதி வெட்கம் போய்விடும். வடிகாலில் தண்ணீர் பார்த்தேன், சந்தேகமாக இருந்தது, உடனே ஓடி வந்தேன் என்று சொல்லலாம், சொன்னால் அக்கா கையெடுத்துக் கும்பிடக்கூடும். அந்தக் கும்பிடு கண்ணுக்குள் வந்து நின்றது. அதைவிடச் செருப்பால் அடி வாங்கலாம். சரி, சொல்லாமலே செய்துவிட்டால்? இருட்டுக்கு முன்னால் வடிகாலை மூடிவிட்டு, தண்ணீர் நின்றதும், பார்த்தீங்களா, நண்டு ஒழிஞ்சதும் நின்னுருச்சு என்று அவளே சந்தோஷப்படட்டும். நண்டுக்கும் கெட்ட பேர் நிலைத்துவிடும், அவனுக்கும் நல்ல பேர் நிலைத்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? மூடினால் சோளம்தான் போகும். ஓர வடிகால் இல்லாமல் அடுத்த மழைக்கு வேரில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், பாதி வயல் மஞ்சளடித்துப் படுத்துவிடும். அடுத்த வாரம் அந்தப் பெண் அதிகாரி நாலு ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து இவன் வயலைக் காட்டப் போகிறாள், இவன் பேசவேண்டுமாம், மைக்கெல்லாம் உண்டாம். என்ன பேசலாமென்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தான், வெள்ளைச் சட்டைகூட எடுத்து வைத்தாயிற்று. ஆறடி தள்ளி வெட்டினீங்களா என்று எவனாவது கேட்டால்? கேட்பான், விவசாயி கேட்கத்தான் செய்வான். அந்தப் பெண் கயிறு கட்டியபோது பார்த்தவள், வந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆக, அக்காவுக்காக இல்லை, அந்த அதிகாரியின் கண்ணுக்குப் பயந்துதான் இப்போது நடக்கிறானோ? இல்லை, இல்லை. நண்டுக் குழம்பு சாப்பிட்டதிலிருந்துதான் இந்த அவஸ்தை. குழம்பு வராதிருந்தால் இன்றைக்கும் படுத்துத் தூங்கியிருப்பான். அதுவும் உண்மைதான், அது இன்னும் மோசம். நாக்கு மறுபடி சிம்பைத் தேடிப் போயிற்று. இவன் வேண்டாமென்றாலும் அது போகும். முன்பொரு வருஷம் அப்பா உடம்புக்கு முடியாமல் திருவாரூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவன் இரண்டு வாரம் வயல் பக்கமே வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் நாற்று பசேலென்று நிற்கிறது. அக்கா தன் வயலில் தண்ணீர் நிறைந்ததும் மடையைத் திறந்து இவன் வயலுக்கு விட்டிருக்கிறாள். கேட்டதற்கு, மேல வயல்காரி குடிச்சிட்டுக் கீழ வயல்காரனுக்கு விட வேணாமா என்றாள், அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். இன்றைக்கும் அவள் தண்ணீர்தான் இவன் வயலுக்கு வருகிறது, அவள் திறந்துவிடாமலே வருகிறது. ஓடிவிடலாமா என்றிருந்தது. வாளியை அவள் வரப்பில் வைத்துவிட்டு, சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, அப்படியே திரும்பிவிடலாம். அதற்குள் வயல் வந்துவிட்டது.

அக்கா வரப்பில் குப்புறப் படுத்திருந்தாள். வாளி இடிக்க ஓடினான், கிட்டப் போனபிறகுதான் தெரிந்தது, தோள் வரை கையை ஒரு வளைக்குள் விட்டிருக்கிறாள். அரவம் கேட்டுத் தலையைத் திருப்பினாள், கன்னத்தில் சேறு. "வா தம்பி. ஒண்ணுமில்ல, இது ஒண்ணுதான் பாக்கி. உள்ள இருக்கான், விரல்ல தட்டுப்படுறான், வர மாட்டேங்குறான்" என்றாள். பிறகு கையை உருவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "கொழம்பு எப்படி இருந்துச்சு?" "நல்லாருந்துச்சுக்கா." "உப்பு தூக்கலா இல்லியே?" "இல்லக்கா." வயலைப் பார்க்காமலிருக்கத்தான் நினைத்தான், பார்த்துவிட்டான். தண்டு உருண்டு சூலோடு நிற்கிற பயிர், இலை ஓரம் சுருள ஆரம்பித்திருந்தது. நேற்று கட்டிய தண்ணீர் தாழ்ந்த மூலைகளில் மட்டும் திட்டுத் திட்டாகக் கிடந்தது, மற்ற இடத்திலெல்லாம் மண் தெரிந்தது. "இந்த மொறையும் நிக்கலன்னா பொங்கிச் சாப்புட நெல்லு இருக்காது தம்பி" என்றாள். அழவில்லை, சொன்னாள். "மவ அங்க வந்துருன்னு கூப்புடுறா. போயி அவ மாமியா வீட்டுல என்னான்னு குந்தியிருக்கிறது?" சிங்காரவேலு பதிலுக்கு வாளியை நீட்டினான். அவள் துணி சுற்றிய விரல்களால் மூடியைத் திறந்து பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது. "அட, மொதக் கதிரா! ஊருக்கு முன்னாடி எனக்கா கொண்டாந்த? நல்லாருப்ப தம்பி. எங்க ஒடிச்சது, நம்ம வரப்போரமா?" என்று அந்த இரண்டு வரிசையைக் கண்ணால் காட்டினாள். "பார்க்கிறப்பல்லாம் நெனைப்பேன், நம்ம ஓரத்துல எப்படித் தெளிவா வந்திருக்கு பாருன்னு." நம்ம ஓரம் என்றாள். அந்தச் சொல்லில் எங்கேயோ அவன் பிடி விட்டுப்போயிற்று. ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"அந்த ரெண்டு வரிசை இருக்கக் கூடாதுக்கா" என்றான்.

"ஏன், பூச்சியா?"

"வடிகாலை ஆறடி தள்ளி வெட்டணும்னாங்க. கயிறெல்லாம் கட்டுனேன். அப்புறம்... அந்த ரெண்டு வரிசைக்காவ முளைய ஓரமாத் தள்ளி அடிச்சேன். அடியில இறுகிக் கெடந்த மண்ணோட்டை ஒடச்சுருச்சு வண்டி. ஒங்க தண்ணி வரப்பு வழியா போவல. அடியால என் வடிகாலுக்கு வருது." மூச்சு வாங்கிக்கொண்டான். இத்தோடு நிறுத்திவிடலாம், மீதியை அவளே எப்படியாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நினைப்பு கடைசித் தடவையாக வந்து போனது. "நீங்க மொதல்ல கேட்டப்பவே எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

மண்ணோடு கிடந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எழுந்து இரண்டடி வந்து வடிகாலை எட்டிப் பார்த்தாள். தன் பக்கத்துச் சுவர் நீளத்துக்கும் ஈரம் மினுமினுப்பதையும், அடியில் தெளிந்த தண்ணீர் சத்தமில்லாமல் வடிவாய்க்காலைப் பார்த்துப் போவதையும் பார்த்தாள். அவன் காத்திருந்தான். திட்டட்டும், ஊரைக் கூட்டட்டும். அவள் குனிந்தாள், மண்ணை அள்ளித் தூற்றப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டான், விழட்டும், அவனும் அவன் சோளமும் நாசமாகப் போகட்டும், அதற்குத் தகுதியானவன்தான். மண் விழவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் மூலையில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள், விரல் விரலாக, புண்ணில் படாமல்.

"அத்தன நண்டையும் அடிச்சுப் போட்டனே தம்பி" என்றாள். "அதுவொ ஒண்ணும் பண்ணலியே."

அவன் வாயில் அந்தச் சிம்பு இருந்தது. அக்கா வாளியை எடுத்தாள். மூடியைத் திறந்து, கதிர்களை ஒவ்வொன்றாக எடுத்து வரப்பில் வைத்தாள். கோபமாகக் கொட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், அவள் உடையக்கூடிய சாமானை இறக்குவது போல எடுத்து வரிசையாக வைத்தாள். கடைசிக் கதிரையும் வைத்துவிட்டு வாளியைக் கவிழ்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு மூடியைப் போட்டாள், முந்தானையை உதறிச் செருகினாள், ஊரைப் பார்க்க நடந்தாள்.

"அக்கா, இன்னிக்கே மூடிர்றேங்க்கா. பொழுது போறதுக்குள்ள மூடிருவேன். மதகை அடைக்கிறதுக்குள்ள தண்ணிய நானே கட்டுறேன், இந்த மொறை நிக்கும்க்கா" என்று கத்தினான். கேட்டிருக்கும், கேட்கிற தூரம்தான். அவள் திரும்பவில்லை. சிங்காரவேலு செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டான். வடிகாலுக்குள் இறங்கியதும் தண்ணீர் கணுக்காலைச் சுற்றிச் சில்லென்று ஓடியது. முதல் வெட்டை அந்த இரண்டு வரிசையில்தான் போட்டான், கதிரோடு, வேரோடு, களிமண்ணோடு சோளம் சரிந்து விழுந்தது, அதை மிதித்து அமுக்கிவிட்டு அடுத்ததை வெட்டினான். வரப்பின் மேல் கரையோடு அக்கா போய்க்கொண்டிருப்பது தெரியவில்லை, பள்ளத்துக்குள் குனிந்து வெட்டியதால் எதிரில் ஈரமண் சுவர்தான் தெரிந்தது. சத்தம் மட்டும் கேட்டது. வெறும் வாளி, அவள் நடக்க நடக்க மூடி கலகலவென்று அடித்துக்கொண்டே போயிற்று.